பிள்ளையாருக்குப் போன குழாய்

பம்பை எப்போது போடுவது, எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்புவது என்பதெல்லாம் புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பைப் பராமரிக்கும் வேலையில் அது சுலபமான பாகம். நான் சொல்ல வந்தது வேறு. நாம் நம்புகிற ஆட்கள், நம் கட்சிப் பக்கம் நிற்கிற ஆட்கள், ஒரு தப்பான விஷயத்தைச் சத்தமாகச் சொல்லும்போது என்ன செய்வது என்பது. நான் அதில் முதலில் தவறினேன், பிறகு பாதி சரிசெய்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருப்பத்தூர்ப் பக்கம் எட்டாவது பாதியில் விட்டுவிட்டுப் பெங்களூர் வந்தவன். கலாசிப்பாளையத்தில் ஓட்டலில் தட்டு கழுவினேன். லாரியில் கிளீனராகப் போனேன். பீன்யாவில் தகடு வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் இடது ஆள்காட்டி விரலின் நுனியை விட்டுவிட்டு வந்தேன். மேம்பாலத்துக்குக் கம்பி கட்டினேன். நடுவில் எட்டு மாதம் தங்க இடம் இல்லாமல் சிமெண்ட் குடோனில் படுத்தேன். இருமல் தவிர வேறு தொந்தரவு இல்லை. பிறகு பிளம்பர், அப்புறம் பம்பு ஆப்பரேட்டர், கடைசியில் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய குடியிருப்பில் சூப்பர்வைசர். அங்கேதான் ஓய்வு பெற்றேன். இப்போது ஜீவனஹள்ளியில் மகள் வீட்டில் இருக்கிறேன்.

அரசியலில் நான் பழமையின் பக்கம். கோயில் வேண்டும், வரிசை வேண்டும், பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், இருப்பதை அவசரப்பட்டு இடிக்கக் கூடாது என்கிற கட்சி. படித்து வந்த கொள்கை இல்லை. அத்தனை அறை, அத்தனை முதலாளி, அத்தனை ஊர் மாறியவனுக்கு, மாறாமல் ஓர் இடத்தில் இருக்கிற எதைப் பார்த்தாலும் ஒரு பிரியம் வந்துவிடும். அவ்வளவுதான்.

சந்தேகப்படும் குணம் தொழிலில் வந்தது. எங்கள் எஸ்.டி.பி.யில் தண்ணீர் பரிசோதிக்க மாதாமாதம் ஒரு பெண் வருவாள். எஸ்.டி.பி. என்றால் உங்களுக்குத் தெரியும், குடியிருப்பின் கழிவுநீரைச் சுத்தம் செய்து தோட்டத்துக்கும் கக்கூஸ் பிளஷுக்கும் அனுப்புகிற நிலையம். என் மகளை விடச் சின்னவள். முதல் நாளே இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து என் முன்னால் வைத்தாள். “எது போர்வெல், எது எஸ்.டி.பி.? சொல்லுங்க சார்.” இரண்டும் கண்ணாடி மாதிரி இருந்தன. நான் தைரியமாக வலது பக்கத்தைப் போர்வெல் என்று காட்டினேன். “அதைக் குடிச்சிடாதீங்க,” என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிகிற எதையும் ஒரு தடவை சோதித்துப் பார்ப்பேன். என் பக்கத்து ஆள் சொன்னால் இரண்டு தடவை. எதிர்ப்பக்கம் சொன்னால் நான் தானாகவே நம்ப மாட்டேன். அதற்குச் சோதனை தேவையில்லை. என் பக்கம் சொல்வதைத்தான் நம்ப ஆசையாக இருக்கும்.

இவ்வளவு தெரிந்தவன்தான் அந்தச் சாயங்காலம் கோட்டை விட்டேன்.

தோட்டத்து மூலையில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். அதைக் கட்டப் பாடுபட்டவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வரதராஜன் சார். அவர் தாத்தா காலத்திலேயே இங்கே வந்த தமிழ்க் குடும்பம், அப்பா கர்நாடக அரசில் வேலை பார்த்தவர். பாதி வாக்கியத்தில் கன்னடத்துக்குப் போய்த் திரும்பி வருவார். அந்தக் குடியிருப்பில் என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் காபி கொடுத்த ஒரே வீடு அவருடையது. ஞாயிற்றுக்கிழமை டி.வி. விவாதத்தை இருவரும் சேர்ந்து பார்ப்போம், ஒரே ஆட்களைத் திட்டுவோம். கோயிலுக்குக் குழாய் போட்டுக் கொடுத்தது நான்.

அன்று சங்கடஹர சதுர்த்தி. ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். பூசாரி தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு அபிஷேகத்தை ஆரம்பித்தார். இரண்டாவது சொம்பில் நாற்றம் கிளம்பியது. சாக்கடை நாற்றம். பிள்ளையார் தலையில் நுரை நின்றது. பெண்கள் முந்தானையால் மூக்கை மூடினார்கள். “யாரோ என்னவோ கலந்திருக்காங்க,” என்று ஒரு குரல். “மத்தியானம் அந்தத் தோட்டக்காரன் பக்கெட்டோட இங்க நின்னான், நான் பார்த்தேன்,” என்று இன்னொரு குரல்.

தோட்டக்காரன் பெயர் மொய்னுல். அசாம்காரன், மூன்று வருடமாக எங்களிடம் இருந்தான். கேமரா பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். அவன் குனிந்து கோயில் தொட்டியில் பக்கெட்டைக் கவிழ்க்கிறான். பன்னிரண்டு விநாடி. அதை மட்டும் வெட்டிக் குடியிருப்பின் வாட்ஸாப் குரூப்பில் போட்டார்கள். “நம் சாமியை என்ன செய்தான் பாருங்கள்” என்று தலைப்பு. அரை மணியில் அது வெளியே போய் ஏரியா பக்கங்களில் எல்லாம் சுற்றியது. குரூப்பில் இருந்த எதிர்க்கட்சிக்காரர்களும் சும்மா இல்லை. கலவரம் மூட்டச் செயலாளரின் ஆட்களே கலந்திருப்பார்கள் என்று எழுதினார்கள். இரண்டு பக்கத்திலும் ஒருவர்கூடக் குழாய்ப் பக்கம் போகவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது, அதை மறைக்க மாட்டேன். நான் குழாய் போட்ட கோயில். மொய்னுலை வாசல் கேட்டுக்குக் கூப்பிட்டேன். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். “பேசாதே,” என்று அவன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். “நாளைலேர்ந்து வராதே.” அவன் என் கையைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், போய்விட்டான். ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் காலை பல் விளக்கும்போது அந்த நாற்றம் திரும்ப நினைவுக்கு வந்தது. எனக்கு அது புதிய நாற்றமாக இல்லை. முந்தின நாள் எஸ்.டி.பி.யில் காற்றடிக்கிற பிளோயர் நின்றுபோயிருந்தது. அங்கே போய் நின்றபோது இதே நாற்றம்தான் மூக்கில் ஏறியது. ஒரு பக்கெட் அழுக்கைக் கலந்தால் வேறு மாதிரி நாறும். இது முழு டேங்கின் நாற்றம்.

பூசாரிக்குப் போன் போட்டேன். “நேத்து மொய்னுலைத் தொட்டி பக்கம் யார் வரச் சொன்னது சாமி?”

“நான்தான். ஒவ்வொரு சதுர்த்திக்கும் அவன்தான் கோயில் குழாயில பிடிச்சுத் தொட்டியை ரொப்புவான். எனக்கு இடுப்பு வலி.”

“நேத்து ஏன் வாயைத் திறக்கலை?”

“அத்தனை பேர் கத்தறாங்க. நான் ரொப்பச் சொன்னேன், அவன் என்ன கலந்தான்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?”

குடியிருப்புக்கு வரும் வழியில் மளிகைக் கடையில் கேசரிப் பவுடர் இரண்டு பாக்கெட் வாங்கினேன். தோட்டத்துக்குத் தண்ணீர் அனுப்புகிற எஸ்.டி.பி. டேங்கில் அதைக் கொட்டினேன். இருபது நிமிடம் பம்பை ஓட்டினேன். பிறகு போய்க் கோயில் குழாயைத் திறந்தேன்.

ஆரஞ்சுத் தண்ணீர் வந்தது.

நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். என்ன நடந்தது என்று ஒரு நிமிடத்தில் புரிந்தது. கோயில் கட்டியபோது தோட்டக் குழாயில் போர்வெல் தண்ணீர் ஓடியது. அதில்தான் கோயிலுக்கு இணைப்புக் கொடுத்தேன். இரண்டு கோடைக்கு முன்னால் போர்வெல் வற்றி, டேங்கர் தண்ணீருக்கு அடிதடி ஆனபோது, தோட்டத்தை எஸ்.டி.பி. தண்ணீருக்கு மாற்றினோம். வால்வைத் திருப்பியதும் நான்தான். தோட்டத்துக் குழாய் ஒவ்வொன்றிலும் ‘குடிக்கக் கூடாது’ என்று மூன்று மொழியில் பலகை தொங்கவிட்டேன். கோயில் குழாய்க்குத் தொங்கவிடவில்லை. என் மனதில் அது கோயில், தோட்டம் இல்லை. மண்ணுக்குக் கீழே இரண்டும் ஒரே குழாய் என்பது பக்தியில் மறந்துபோயிற்று. பிளோயர் ஒழுங்காக ஓடியவரை தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வருடமாகப் பிள்ளையாருக்கு எங்கள் கக்கூஸ் தண்ணீரில் அபிஷேகம் நடந்திருக்கிறது. செய்வித்தவன் நான்.

அப்போது என் புத்தி எங்கே போனது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மணி நேர வேலை. குழாயை வெட்டி நல்ல தண்ணீரில் சேர்த்துவிட்டால் முடிந்தது. ஒருவருக்கும் தெரியாது. மொய்னுல் ஏற்கெனவே போய்விட்டான். பையில் ரம்பம்கூட இருந்தது.

“அண்ணா, என்ன கலர் இது?”

நிமிர்ந்தேன். சி டவர் நிவேதா. கோயம்புத்தூர்ப் பெண், ஐ.டி.யில் வேலை, காலையில் ஓடுவாள். குரூப்பில் வரதராஜன் சாரோடு தினமும் சண்டை போடுகிற பக்கத்தின் தலைவி. தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். படித்த பெண் இல்லையா, நான் ஒன்றும் சொல்லாமலே புரிந்துகொண்டாள். போனை எடுத்தாள்.

“அண்ணா, இதை அப்படியே வீடியோவுல சொல்லுங்க. இவங்க மூஞ்சில கரி பூசிடலாம்.”

“அந்த மூஞ்சியில என்னோடதும் ஒண்ணும்மா.”

“நீங்க அவங்க ஆளா?”

“ஆமா. போன எலெக்‌ஷன்லயும், வர்றதுலயும்.”

“அப்புறம் ஏன் கேசரிப் பவுடர் போட்டீங்க?”

“தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு பாக்கத்தான். நீங்ககூட நேத்து செயலாளர் ஆளுங்கதான் கலந்தாங்கன்னு எழுதினீங்களே. குழாயைத் திறந்து பாத்தீங்களா?”

அவள் முகம் கொஞ்சம் சிவந்தது. “பார்க்கல,” என்றாள். அதை ஒப்புக்கொண்டதற்காக அந்தப் பெண்ணை எனக்கு அன்றிலிருந்து பிடிக்கும்.

“அரை மணி நேரம் குடுங்கம்மா. சார்கிட்ட நானே முதல்ல சொல்லணும்.”

“அரை மணிதான். அதுக்கப்புறம் நான் போடுவேன்.” போனை உறையில் போட்டாள். “உங்களைப் புரிஞ்சுக்கவே முடியல அண்ணா.”

வரதராஜன் சார் கதவைத் திறந்து, “வாப்பா ஏழுமலை, காபி கலக்கச் சொல்லட்டுமா?” என்றார். இரவெல்லாம் தூங்காத கண்.

“காபி அப்புறம் சார். தப்பு என் பேர்ல. மொய்னுல் ஒண்ணும் பண்ணல.”

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்ததும் அவர் சோபாவில் மெதுவாக உட்கார்ந்தார்.

“நீ யார் பக்கம்ப்பா?”

“உங்க பக்கம் சார். அதனாலதான் நேரா உங்ககிட்ட வந்தேன்.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“நிவேதா மேடத்துக்கு. அரை மணி வாங்கியிருக்கேன்.”

“அந்தப் பொண்ணா? சத்தோதெ!” செத்தேன் என்று கன்னடத்தில் சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “இத பாரு. குழாயை மாத்திடு. பிளோயர் ரிப்பேர்னு போட்டுடலாம். தோட்டக்காரப் பையனுக்கு நல்ல சர்டிபிகேட் குடுத்து வேற எங்கயாவது சேர்த்துவிட்டுடலாம். எல்லாருக்கும் மரியாதை.”

“அவன் மூஞ்சி ஊரெல்லாம் சுத்துது சார். சர்டிபிகேட் அத்தனை தூரம் போகுமா? அதோட, இது பிள்ளையார் விஷயம். அவர் எதிர்ல பொய் சொல்லிட்டு நாளைக்கு நீங்களும் நானும் எப்படிப் போய்க் கும்பிடறது?”

அவர் ஜன்னல் வழியாகத் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்: “தீர்த்தம்?”

நான் ரம்பப் பையைக் கீழே வைத்தேன்.

“கேக்கறேன்ல. தீர்த்தம் எந்தத் தண்ணி?”

“பூசாரி சில நாள் கேன் தண்ணி எடுப்பார் சார். சில நாள் அந்தக் குழாய்.”

“ரெண்டு வருஷமா தினம் மூணு உத்தரணி,” என்றார். “டாக்டர் என் சுகர் கொறைஞ்சிருக்குன்னு ஆச்சரியப்பட்டாரேப்பா.” சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் கண்ணைத் துடைத்தபோது நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன். “எதையுமே சும்மா விட மாட்டியாப்பா நீ?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

என் போன் அடித்தது. தோட்ட வேலைக் காண்டிராக்டர். மொய்னுல் தங்கியிருந்த அறையின் சொந்தக்காரருக்கும் வீடியோ போயிருக்கிறது; காலி செய்யச் சொல்லிவிட்டாராம். குடும்பத்தோடு கிளம்பிக்கொண்டிருக்கிறான்.

வரதராஜன் சார் சட்டையை மாட்டிக்கொண்டு தன் வெள்ளைக் காரின் சாவியை எடுத்தார்.

ஒசூர் ரோட்டுக்குப் பின்னால் தகரக் கூரை வரிசை. ஆட்டோவில் கேஸ் அடுப்பு, ஒரு பாய்ச் சுருள், இரண்டு பிளாஸ்டிக் குடம். மொய்னுலின் மனைவி எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அவன் கயிறு கட்டுவதை நிறுத்தவில்லை. நான் அட்டையை நீட்டினேன். “தப்பு என்னோடது. நான் போட்ட குழாய். நீ சொல்ல வந்ததைக் கேட்காம விட்டதும் என் தப்பு.” எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். தலையாட்டினான். அட்டையை வாங்கவில்லை.

வரதராஜன் சாருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமினார். “கோயிலுக்குப் புதுசா குழி தோண்டி நல்ல தண்ணி லைன் போடணும்,” என்று கன்னடத்தில் ஆரம்பித்தார். “எந்தச் செடிக்குக் கீழ எந்தக் குழாய் போகுதுன்னு உனக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடியணும். வா.”

மொய்னுல் இந்தியும் கன்னடமும் கலந்து பேசினான். சத்தம் போடவில்லை. “தோண்டுவேன் சார். ஆனா அந்த வீடியோ எங்க போச்சோ அங்கேயே, நான் ஒண்ணும் பண்ணலன்னு போகணும். அப்புறம் அட்டை வாங்கிக்கறேன்.”

“சொல்லிடறேன். எல்லார்கிட்டயும் நானே பேசறேன்.”

“பேச வேணாம் சார். எழுதணும்.”

அந்தச் சந்தில் நின்றபடி வரதராஜன் சார் ஒரு விரலால் தட்டச்சு செய்தார். கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. அழித்து அழித்து எழுதினார். குழாயின் தப்பு, இரண்டு வருடம், சூப்பர்வைசர், செயலாளர், எல்லாம் வந்தது. மொய்னுல் குற்றமற்றவன் என்பது முதல் வரியிலேயே வந்தது. அனுப்பினார். வீடியோவை வெளியே போட்டவர்களின் பெயரை எழுதி, அங்கேயும் இதைப் போடச் சொன்னார். அதுவரை எதுவும் போடாமல் காத்திருந்த நிவேதா அதை உடனே எல்லாப் பக்கமும் அனுப்பினாள். கூட ஒரு வார்த்தை திட்டிச் சேர்க்கவில்லை. வெளியே போன எல்லா இடத்தையும் அது பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பிடிக்கவில்லை. பொய் ஓடிய வேகத்தில் பாதிகூட ஓடவில்லை.

“போட்டாச்சு,” என்றார் வரதராஜன் சார்.

மொய்னுல் தன் போனைப் பார்த்தான். “எனக்கு வரலையே சார்.”

அவன் அந்தக் குரூப்பில் இல்லை. இரவெல்லாம் அவனைப் பற்றிப் பேசிய ஐந்நூறு வீட்டுக்காரர்களும் இருந்தார்கள், அவன் இல்லை. வரதராஜன் சார் என்னைப் பார்த்தார். குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்கிற விதியைப் போட்டவர் அவர். புகார் வாங்க என்னை ஒருவனைச் சேர்க்கவே ஆறு மாதம் யோசித்தவர். “நம்பர் சொல்லு,” என்றார் மொய்னுலிடம்.

சேர்த்தார். அவன் போனில் மணி அடித்தது. மூன்று மொழியையும் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். கன்னடம் கொஞ்சம் எழுத்துக் கூட்டத் தெரியும் அவனுக்கு. தன் பெயரைக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைத்தான். பிறகு ஆட்டோவிலிருந்து பாயை இறக்கினான். வீட்டுக்காரரிடம் வரதராஜன் சார் பேசிக்கொண்டார்.

எனக்கு வந்ததையும் சொல்கிறேன், பின்னால் உங்களுக்கும் வரும். என் பக்கத்து ஆட்கள் சிலர் என்னை விலைபோனவன் என்றார்கள். எதிர்ப்பக்கம் ஒரு வாரம் என்னைத் தூக்கிக் கொண்டாடியது. நான் யாருக்கு ஓட்டுப் போடுகிறேன் என்று தெரிந்ததும் இறக்கி வைத்தது. ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். வரதராஜன் சார் அதை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டு, “முதல்ல குழாயைப் போடு,” என்றார். இரண்டு மாதம் காபிக்குக் கூப்பிடவில்லை. பிறகு கூப்பிட்டார். நான் இன்றும் அதே கட்சிதான், அதே கோயில்தான். இரண்டையும் விட மனசில்லாதவன்தான் அவற்றின் குழாயை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மொய்னுல் மறுநாள் காலை ஆறரைக்கு வந்துவிட்டான். ஆறே முக்காலுக்குக் குரூப்பில் அவனுடைய முதல் செய்தி வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை, ஒரு போட்டோ. பி டவர் கார் நிறுத்தத்தில், குடிதண்ணீர்க் குழாயில் மாட்டிய ஹோஸ் மூடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் பாதி கழுவிய வெள்ளைக் கார். நல்ல தண்ணீரில் கார் கழுவாதீர்கள் என்று மாதம் ஒருமுறை அந்தக் குரூப்பில் எழுதுகிறவரின் கார்.

நான் கோயில் பக்கத்தில் கடப்பாரையோடு நின்றிருந்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வரதராஜன் சார் குழாயை மூட ஓடி வந்துகொண்டிருந்தார்.